காசு நிக்கிற செட்டிங்

ரிடையர் ஆன மெக்கானிக்கைப் பேசச் சொன்னா ஒரே கதையைத்தான் சொல்லுவான். நடுரோட்டுல ஒரு வண்டி நின்னு போச்சு, பத்து பேரு பாத்தும் ஒண்ணும் நடக்கல, இவன் போயி ஒரு தட்டு தட்டினான், ஸ்டார்ட் ஆயிடுச்சு. நானும் அந்த மாதிரி நாலஞ்சு கதை கைவசம் வெச்சிருக்கேன். கல்யாண வீட்டுல, பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரி வராண்டாவுல எல்லாம் எடுத்து விட்டிருக்கேன். அதுல பாதி நடந்தது, மீதி நடந்திருக்கலாம்.

இன்னைக்கு அது வேணாம். புதுசா ஷெட் போட்டவங்க, சர்வீஸ் சென்டர்ல சட்டையில பேர் குத்திக்கினு வேலை செய்யிறவங்க, இவ்ளோ பேரு வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துக்கினு இருக்கீங்க. உங்களுக்கு, நான் ஒரு டிரைவரோட வேலையையும் குடும்பத்தையும் கெடுத்த கதையைச் சொல்றேன். அதுக்கு எனக்குத் தேவைப்பட்ட சாமான் மூணே மூணு. ரெண்டு கார்ப்ரேட்டர், ஒரு ரூபா காசு, என்னோட வாய்.

கார்ப்ரேட்டரை உங்கள்ல பாதிப் பேரு படத்துலதான் பாத்திருப்பீங்க. இப்ப கம்ப்யூட்டர் பண்ற வேலையை அப்ப அதுதான் பண்ணிக்கினு இருந்துச்சு. காத்துல பெட்ரோலைக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டணும். பெட்ரோல் கம்மியா இருந்தா எஞ்சின் இருமும், ஜாஸ்தியா இருந்தா கரியாக் கக்கும். அவ்ளோதான் சமாச்சாரம். இதுக்கு மேலயும் எனக்குத் தெரியும்னு சொல்லிக்கினு திரிஞ்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

வெள்ளைக்காரன் போயி பத்து, பன்னெண்டு வருஷம் ஆயிருக்கும். விழுப்புரத்துல ஸ்டேஷனுக்குப் போற ரோட்டுல நான் சொந்தமா ஷெட் போட்டு எட்டு மாசம். நாலு பக்கம் மூங்கிலு, மேல தகரம். எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்க இல்ல, அது மாதிரி. வாசல்ல ஒரு போர்டு. அதுல என் பேருக்குக் கீழ ‘ஸ்பெஷலிஸ்ட்’னு எழுதி வெச்சிருந்தேன். எதுல ஸ்பெஷலிஸ்ட்னு எழுதல, பலகையில இடம் பத்தல.

அப்ப எங்க பக்கத்து ஷெட்டுங்கள்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. எஞ்சின் வேலை முடிஞ்சு வண்டியைக் குடுக்கும்போது பானெட்டைத் தூக்கி, எஞ்சினை ஓட விட்டு, எஞ்சின் தலையை மூடியிருக்கிற டேப்பெட் கவர் மேல ஒரு ரூபா காசை நெட்டுக்குத்தா நிக்க வெப்போம். ராஜா தலை போட்ட பழைய வெள்ளி ரூபா. அதுதான் கனமா, விளிம்பு தட்டையா இருக்கும். இதுக்குன்னே ஒண்ணை நான் தனியா எடுத்து வெச்சிருந்தேன். எஞ்சின் ஓடிக்கினே இருக்கணும், காசு விழக்கூடாது. காசு நின்னுச்சுன்னா வண்டிக்காரரு மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும் பாருங்க. அவருக்குப் பிஸ்டனும் தெரியாது, பிளக்கும் தெரியாது. ரூபா தெரியும். சில பேரு காசுக்கு அடியில கொஞ்சம் கிரீஸ் தடவிடுவாங்க. நான் அந்த வேலை மட்டும் செஞ்சதில்ல. அவ்ளோ யோக்கியன்.

திண்டிவனத்துல மல்லாட்டை மண்டி, அதான் வேர்க்கடலை மண்டி, வெச்சிருந்த முதலாளி ஒருத்தரு எனக்கு முக்கியமான கிராக்கி. அவரு ஒருத்தரு வாயால சொல்லி மூணு வண்டி என் ஷெட்டுக்கு வந்துச்சு. அவருகிட்ட சீமையில செஞ்ச நாலு சிலிண்டர் காரு ஒண்ணு இருந்துச்சு. பச்சைக் கலரு. அதுக்கு ஒரு டிரைவரு, பேரு ஏழுமலை. என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவன். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவான். வண்டியை விட்டு எறங்கினதும் ஒரு தரம் சுத்தி வந்து பாத்துட்டுத்தான் டீ குடிக்கப் போவான். ஒரு காணி நெலம் கிடையாது அவனுக்கு. கார் ஓட்டுறான், மண்டியில மரியாதையான வேலை, அந்த ஒண்ணை நம்பித்தான் திருவெண்ணெய்நல்லூர்ல ஒரு கரும்புக்காரரு அவனுக்குப் பொண்ணு குடுத்திருந்தாரு. அப்ப அந்தப் பொண்ணு மொதப் பிரசவத்துக்கு அப்பன் வீட்டுக்குப் போயிருந்துச்சு.

ஒரு நாளு முதலாளி வந்து டிக்கியிலேர்ந்து ஒரு கோணியை எறக்கச் சொன்னாரு. எட்டு மாசமா உழைக்கிறோமே, நமக்கும் ஒரு மூட்டை மல்லாட்டை கொண்டாந்திருக்காருன்னு நெனச்சுக்கினு சந்தோஷமா எறக்கினேன். தரையில கொட்டினா, ஒரு இரும்புக் குழா, அதுல ஜோடியா ரெண்டு கார்ப்ரேட்டரு. வாய்க்குள்ள எல்லாம் மல்லாட்டைத் தோலு.

“மெட்ராஸ்ல பழைய சாமான் கடையில புடிச்சேன். இதை மாட்டுப்பா,”ன்னாரு.

“இருக்கிற ஒண்ணு நல்லாத்தானுங்களே ஓடுது முதலாளி.”

“எங்க சம்பந்தி காருல ரெண்டு இருக்குது. போன வாரம் விசேஷத்துல பானெட்டைத் தூக்கி வந்தவங்க போனவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்காரு. பொண்ணு குடுத்தவரு ரெண்டு வெச்சிருப்பாராம், புள்ளையப் பெத்தவன் நான் ஒண்ணோட நிக்கணுமா?”

நியாயம்தானே. பந்தயத்துல ஓடுற காருக்கு ரெண்டு கார்ப்ரேட்டர் வெப்பான் வெள்ளைக்காரன், வேகத்துக்காக. நம்ம முதலாளி ஓடுன பந்தயம் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல. வழி நெடுக மூட்டை ஏத்தின மாட்டு வண்டிங்க வரிசையா போயிக்கினு இருக்கும். வண்டிக்காரன் படுத்துத் தூங்குவான், மாடுதான் ஓட்டிக்கினு போவும். அந்த மாட்டுக்குப் பின்னாடி ரெண்டு கார்ப்ரேட்டரோட ஊர்ந்துக்கினு போறது ஒரு கௌரவம்.

ஏழுமலை என்னை ஓரமா கூப்பிட்டான். “அண்ணே, இருக்கிறது சமத்தா ஓடுது. எதுக்குண்ணே கலைக்கணும்? நீங்க சொன்னா முதலாளி கேப்பாரு.”

“நீ ஸ்டீரிங்கைப் பாரு. எஞ்சினை நான் பாத்துக்கிறேன்,”ன்னேன்.

உண்மையைச் சொல்றேன், அந்த ஜாதி கார்ப்ரேட்டரை அதுக்கு முந்தி நான் கையால தொட்டது கூட இல்ல. தெரியாதுங்கிற வார்த்தை அந்த வயசுல என் வாயில வராது. போர்டு வேற வெச்சாச்சு.

மாட்டுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. தோலையெல்லாம் ஊதித் தள்ளி, கழுவி, குழாயை எஞ்சின் பக்கத்துல வெச்சு முடுக்கியாச்சு. ஆக்சிலேட்டருக்கு ரெண்டுத்தையும் சேத்து இழுக்கக் கம்பி இல்ல, சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைச்சுப் போட்டேன். அது கூட நல்லாத்தான் வேலை செஞ்சுது. தகராறு அதுக்கப்புறம்தான். ரெண்டு கார்ப்ரேட்டர்னா ரெண்டும் ஒரே அளவு மூச்சு இழுக்கணும். ஒண்ணு ஜாஸ்தி, ஒண்ணு கம்மின்னு இழுத்தா எஞ்சின் குலுங்கும். குலுங்கினா காசு நிக்காது.

இந்தக் குலுக்கலை அடக்க ரெண்டு வழி. ஒண்ணு, ரப்பர் டியூபைக் காதுல வெச்சுக்கினு ரெண்டு மூச்சையும் மாத்தி மாத்திக் கேட்டு, சமமாக்கணும். அரை நாள் வேலை, பொறுமை வேணும். இன்னொண்ணு, பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமா ஊட்டி விடறது. பசி அடங்கின குழந்தை மாதிரி எஞ்சின் அமைதியாயிடும். ரெண்டு நிமிஷ வேலை. வெளிய முதலாளி நாற்காலியைப் போட்டுக்கினு ‘ஆச்சா, ஆச்சா’ன்னு கேட்டுக்கினு இருக்காரு. நான் எந்த வழிக்குப் போனேன்னு உங்களுக்குச் சொல்லணுமா? கார்ப்ரேட்டருக்கு அடியில பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற நட்டு ரெண்டையும் திருப்பி எறக்கி விட்டேன்.

எனக்குப் பழக்கமான கார்ப்ரேட்டர்ல, வண்டி நிக்கும்போது எஞ்சின் மெதுவா ஓடுதே, அந்த ஓட்டத்துக்குன்னு தனியா ஒரு ஸ்குரூ இருக்கும். அதைத் திருப்பினா ரோட்டுல ஓடுறதை அது ஒண்ணும் பண்ணாது. இதுவும் அப்படித்தான்னு நானே முடிவு பண்ணிக்கினேன். இதுல எல்லாத்துக்கும் ஒரே வழி, ஒரே நட்டு. அதைத் தொட்டா நிக்கிறப்பவும் ஊத்தும், ஓடுறப்பவும் ஊத்தும். அது எனக்கு அன்னைக்குத் தெரியாது.

காசு நின்னுச்சு. முதலாளி எழுந்து வந்து குனிஞ்சு பாத்தாரு, நிமிந்து என்னைப் பாத்தாரு, மறுபடியும் காசைப் பாத்தாரு. “எங்க சம்பந்தி காருல காசு நிக்குமா?”ன்னு கேட்டாரு. “சந்தேகந்தாங்க,”ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஏழுமலை மட்டும் பின்னாடி போயி சைலன்சர் பக்கம் நின்னு மோந்து பாத்துக்கினு இருந்தான்.

மூணு வாரம் கழிச்சு அவன் மட்டும் தனியா வந்தான். “அண்ணே, வண்டி பெட்ரோலைக் குடிக்கல, குளிக்குது. வழியில மூச்சு முட்டுது. தினம் மண்டி வேலையா தனியா வரும்போது கூட்டேரிப்பட்டுல ஓரம் கட்டி, பிளக்கு நாலையும் கழட்டித் தொடைச்சாத்தான் மயிலம் ரோடு தாண்ட முடியுது. சைலன்சர்ல வெரலை வெச்சுப் பாருங்க, அடுப்புக் கரி மாதிரி வருது.”

எனக்கு வேலை கத்துக்குடுத்தவரு ஒருத்தரு இருந்தாரு, பேரு எதுக்கு, போயிச் சேந்துட்டாரு. அவரு பாதி வேலை கத்துக்குடுத்தாரு, மீதிப் பாதி தப்பிக்கிற வழி. பெட்ரோல் ஜாஸ்தி குடிச்சா டிரைவர் காலு. பிரேக் தேஞ்சா டிரைவர் காலு. கிளச் போனா டிரைவர் காலு. டிரைவருக்கு இருக்கிறது ரெண்டே காலு, எங்க தொழில் மொத்தத்தையும் அது தாங்கிக்கினு இருந்துச்சு. நானும் ஏழுமலையை ஏற எறங்கப் பாத்துட்டு, “உன் கால்லதான் கோளாறு. ரெண்டு கார்ப்ரேட்டரு கெடச்சதும் ஏறி மிதிக்கிறே. மெதுவா ஓட்டு,”ன்னேன்.

“மாட்டு வண்டிக்குப் பின்னாடி எங்கண்ணே மிதிக்கிறது?”

“போ போ, வேலை கெடக்குது,”ன்னு வெரட்டிட்டேன்.

அதுக்கு அடுத்த வாரம் காலையில பத்து மணி இருக்கும், பச்சைக் காரு வந்து நின்னுச்சு. முதலாளி எப்பவும் பின் சீட்டுலதான் வருவாரு. அன்னைக்கு முன்னாடி ஏழுமலை பக்கத்துல உக்காந்துக்கினு வந்தாரு, போலீஸ்காரன் கைதியைக் கூட்டியாற மாதிரி. எறங்கினவரு நாற்காலி கூட கேக்கல.

“மேஸ்திரி, இவன் தினம் கூட்டேரிப்பட்டுல வண்டியை நிறுத்துறானாம். பாத்தவங்க சொல்றாங்க. கால் மணி நேரம், அரை மணி நேரம். பானெட்டைத் தூக்கி வெச்சுக்கினு நிப்பானாம். பெட்ரோல் எங்க போவுதுன்னு இப்பத்தான் எனக்குப் புரியுது. இருந்தாலும் ஒருத்தன் வயித்துல அடிக்கக் கூடாது பாரு. அதான் உன்கிட்ட வந்தேன். நீ செஞ்ச வேலை. சொல்லு, உன் வேலையில கோளாறா, இவன் கையில கோளாறா?”

பக்கத்துல பஞ்சர் கடைக்காரரு, எதுத்தாப்ல டீக்கடையில நாலு பேரு, வேலைக்கு வண்டி விட்டிருந்த ரெண்டு ஓனருங்க, எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. என் வேலையில கோளாறுன்னு சொன்னா போர்டைக் கழட்டி அடுப்புல வெக்க வேண்டியதுதான். மண்டிக்காரரு போனா அவரு சொல்லி வந்த மூணு வண்டியும் போவும்.

பின்னாடி போயிக் குனிஞ்சு சைலன்சரைப் பாத்தேன். கன்னங்கரேல்னு இருந்துச்சு. கையில எண்ணெய் தொடைக்கிற பஞ்சு வேஸ்ட் இருந்துச்சு. முதலாளி இந்தப் பக்கம் வர்றதுக்குள்ள அதை வெச்சு உள்ள விட்டு ஒரு சுத்து தொடைச்சுட்டேன். ஏன் தொடைச்சேன்? யாராவது கேட்டிருந்தா, வண்டி சுத்தமா இருக்கணும்னு சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல. அதனால உங்ககிட்ட சொல்றேன், எனக்கு அப்பவே முக்கால்வாசி தெரியும். மீதிக் கால்வாசியைத் தெரிஞ்சுக்க நான் விரும்பல.

முன்னாடி வந்து, பானெட்டைத் தூக்கி, எஞ்சினைப் போட்டு, அந்த வெள்ளி ரூபாயை எடுத்து நிறுத்தினேன். எல்லாரும் கிட்ட வந்து பாத்தாங்க. பாவி காசு, அசையாம நின்னுச்சு. அன்னைக்கு மாதிரி அது ஒரு நாளும் நின்னதில்ல.

“வண்டி ஓகேங்க முதலாளி,”ன்னேன்.

இவன் திருடினான்னு நான் சொல்லவே இல்ல. பாத்தீங்களா, எவ்ளோ ஜாக்கிரதையான ஆளு நான்.

ஏழுமலைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. ஆனா சத்தம் போடல. “அண்ணே, ஒரே ஒரு பிளக்கைக் கழட்டிப் பாருங்க. ஒண்ணு போதும்,”ன்னான்.

“காசு நிக்குதே ஏழுமலை. இதுக்கு மேல இன்னா பாக்கணும்?”னு கேட்டேன். இதை நான்தான் கேட்டேன், இந்த வாயாலதான். இப்ப நெனச்சாலும் நாக்கைப் புடுங்கிக்கினு சாவலாம் போல இருக்குது.

முதலாளி கையை நீட்டினாரு. அவன் சாவியைக் குடுத்துட்டு, முன் சீட்டுல மடிச்சு வெச்சிருந்த துண்டை எடுத்துக்கினு ஸ்டேஷன் பக்கமா நடந்து போனான். முதலாளி எங்க ஊர்ல வேற டிரைவரைத் தேடிப் புடிச்சு, வண்டியை எடுத்துக்கினு போறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் அவருக்கு டீ வாங்கிக் குடுத்துக்கினு நான் கூடவே நின்னேன்.

திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் அப்ப காரு வெச்சிருந்தவங்க எத்தனை பேரு இருந்திருப்பாங்க? எல்லாரும் ஒருத்தருக்கொருத்தரு தெரிஞ்சவங்க. ஒரு வாரத்துல ‘பெட்ரோல் திருடன்’னு பேரு பரவிடுச்சு. ஒருத்தரும் அவன் கையில சாவி குடுக்கல. பேரு மட்டும் பஸ் ஏறி திருவெண்ணெய்நல்லூருக்கும் போயிடுச்சு. பொண்டாட்டிக்கு ஆம்பளைப் புள்ளை பொறந்துச்சுன்னு சேதி வந்து இவன் பாக்கப் போயிருக்கான். மாமனாரு கொழந்தையைக் காட்டினாராம், கையில குடுக்கலையாம். ‘திருடனுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன், நாலு பேரு மூஞ்சியில எப்படி முழிக்கிறது’ன்னு வாசல்லயே சொல்லி அனுப்பிட்டாராம். எதுத்த டீக்கடையில இதைச் சொல்லிக்கினு இருந்தாங்க. நான் பாதி டீயை வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்.

முதலாளி இப்ப வண்டியைத் தன் மச்சினன் கையில குடுத்தாரு. பொண்டாட்டியோட தம்பி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சென்டு வாசனை. பிளக்கைக் கழட்டித் தொடைக்கிற ஜாதியில்ல. அதனால வண்டி கூட்டேரிப்பட்டுல நிக்கல, அதுக்கு முன்னாடியே நின்னு போவ ஆரம்பிச்சுது. பெட்ரோலு மட்டும் அதே கணக்குல காலியாச்சு. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கினு இருந்துட்டு, முதலாளி என்கிட்ட வந்தாரு.

“மேஸ்திரி, வண்டியில ஏதோ கோளாறு இருக்குதுப்பா.”

மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி. ஏழுமலை ஓட்டினா திருட்டு, மச்சினன் ஓட்டினா கோளாறு. அவரைச் சொல்றேனே, நான் மட்டும் இன்னா? ஏழுமலை சொன்னப்ப காலு, முதலாளி சொன்னப்ப பானெட்டு. ஒடனே தூக்கினேன்.

வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, தனியா உக்காந்தேன். பிளக்கைக் கழட்டினேன், நாலும் கரிக்கட்டை. கார்ப்ரேட்டரை எறக்கிப் பிரிச்சு, ஒவ்வொரு துண்டையும் கையில வெச்சுப் பாத்தேன். மாட்டுறதுக்கு முன்னாடி செஞ்சிருக்க வேண்டிய வேலை. தனி ஸ்குரூவும் இல்ல, தனி வழியும் இல்ல, எல்லாத்துக்கும் இந்த ஒரே நட்டுதான்னு கண்ணால பாத்தேன். மறுபடி மாட்டி, நட்டை ஏத்தி, ரப்பர் டியூபைக் காதுல வெச்சுக்கினு அரை நாளு மூச்சு கேட்டு சமம் பண்ணினேன். திண்டிவனம் வரைக்கும் போயிட்டு வந்தேன். சைலன்சர் சாம்பல் நெறத்துல இருந்துச்சு, அப்படித்தான் இருக்கணும். வண்டி ஒரு இடத்துலயும் திக்கல. பெட்ரோலும் ஒழுங்கா நின்னுச்சு. நின்ன எடத்துல மட்டும் எஞ்சின் லேசா ஒரு ஆட்டம் ஆடுச்சு. பழைய எஞ்சின், மூச்சு எவ்ளோ சமமா இருந்தாலும் கொஞ்சம் ஆடத்தான் ஆடும்.

முதலாளி வந்தாரு. ஓட்டிப் பாத்தாரு. நல்லா இருக்குதுன்னாரு. அப்புறம், “காசை வெய்யி,”ன்னாரு.

வெச்சேன். விழுந்துச்சு. இன்னொரு தரம் வெச்சேன், உருண்டு ரேடியேட்டர் பக்கம் போயிடுச்சு.

“இன்னாப்பா இது? இவ்ளோ நாளு நின்னுக்கினு இருந்துச்சு?”

அங்கதான் மாட்டினேன். மறுபடியும் நட்டைத் திருப்பினா காசு நிக்கும், எனக்கும் நல்ல பேரு. திருப்பாம இருந்தா காரணம் சொல்லணும். காரணத்தைச் சொன்னா ஏழுமலை திருடல, நான்தான் ஊத்தினேன்னு ஆயிடும். ஸ்பேனர் கையிலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷம் குனிஞ்சேன் கூட. வெக்கமா இருக்குது சொல்றதுக்கு. ஆனா அந்தக் கொழந்தையைக் கையில குடுக்கலன்னு சொன்னாங்களே, அது மண்டையில சுத்திக்கினே இருந்துச்சு. நிமிந்துட்டேன்.

“முதலாளி, காசு நிக்கணும்னு நான்தான் பெட்ரோலை ஏத்தி விட்டேன். தப்பு என்னோடது. ஏழுமலை ஒரு சொட்டு எடுக்கல. வண்டி அடைச்சுக்கினதால பிளக்கைத் தொடைக்கத்தான் அவன் அங்க நிறுத்தினான்.”

திட்டுவாரு, அடிப்பாருன்னு பாத்தேன். அவரு நாலாப் பக்கமும் ஒரு பார்வை பாத்துட்டு, கொரலை எறக்கினாரு. “சரி சரி, நடந்தது நடந்து போச்சு. வெளிய யாருகிட்டயும் சொல்லிக்கினு இருக்காதே. ஒண்ணும் செய்யாதவனை வெளிய அனுப்பிட்டேன்னு தெரிஞ்சா என் பேரு இன்னா ஆவறது?”

“ஏழுமலையைத் திரும்ப வெச்சுக்கோங்க முதலாளி.”

“மச்சினன் ஓட்டிக்கினு இருக்கானே. வீட்டுல யாரு பதில் சொல்றது?”

அவ்ளோதான், வண்டியை எடுத்துக்கினு போயிட்டாரு. அடுத்த வாரமே அந்தக் காரு திண்டிவனத்துல வேற ஒரு ஷெட்டுக்குப் போயி, மறுபடியும் காசு நிக்கிற மாதிரி செட் பண்ணிக்கினு வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினாராம். என் ஷெட்டுக்கு வந்துக்கினு இருந்த மூணு வண்டியும் அதோட நின்னு போச்சு.

முதலாளிகிட்ட ஒத்துக்கினதுக்கு மறுநாளே பஸ் ஏறி கூட்டேரிப்பட்டுக்குப் போனேன். ஏழுமலை அங்க லாரிக்குச் சவுக்குக் கட்டை ஏத்துற கூலிக்குப் போயிக்கினு இருந்தான். அதே காக்கிச் சட்டை, இஸ்திரி இல்ல, தோள்பட்டை கிழிஞ்சிருந்துச்சு. என்னைப் பாத்தும் கட்டையைக் கீழ வெக்கல. அவன் ஏத்த ஏத்த நான் பக்கத்துல நடந்துக்கினே முழுசையும் சொன்னேன். முதலாளிகிட்ட சொன்னதையும் சொன்னேன். நாளைக்கு மண்டியில நாலு பேரு முன்னாடி சொல்லவும் தயார்னு சொன்னேன்.

அவன் கடைசிக் கட்டையையும் ஏத்திட்டு, துண்டால கழுத்தைத் தொடைச்சுக்கினான். “மண்டி எனக்கு வேணாம்,”ன்னான். “திருவெண்ணெய்நல்லூருக்கு வர்றியா?”

அதுவரைக்கும் என்னை நீங்க, வாங்க, அண்ணேன்னு கூப்பிட்டவன். அன்னைக்கு ‘வர்றியா’ன்னான். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

“இப்பவே வர்றேன்,”ன்னேன்.

ரெண்டு பஸ் மாறிப் போனோம். பக்கத்துப் பக்கத்து சீட்டு. நான் மனசுக்குள்ள பேச்சு தயார் பண்ணிக்கினு வந்தேன். அந்தக் கார்ப்ரேட்டர் எப்படி வேலை செய்யும், நட்டை எறக்கினா இன்னா ஆவும், நம்ம பக்கத்துல யாருக்கும் அது பழக்கமில்ல, எப்பேர்ப்பட்ட மெக்கானிக்கும் ஏமாந்திருப்பான். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

மாமனாரு மாட்டுக்குக் கரும்புத் தோகையை வெட்டிப் போட்டுக்கினு இருந்தாரு. மாப்பிள்ளையைப் பாத்து அருவாளைக் கீழ வெச்சாரு, வான்னு சொல்லல. நானா முன்னாடி போயி, விழுப்புரத்துல ஷெட் வெச்சிருக்கிறவன், அந்த வண்டிக்கு வேலை பாத்தவன்னு சொல்லி, தயார் பண்ணின பேச்சை ஆரம்பிச்சேன். ரெண்டு கார்ப்ரேட்டர் வரைக்கும் கூட போகல, கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

“அதெல்லாம் எனக்குப் புரியாது தம்பி. இவன் எடுத்தானா, எடுக்கலையா?”

“எடுக்கலைங்க. தப்பு என்னோடது.”

“அது அன்னைக்கே உனக்குத் தெரியுமா?”

பஸ்ஸுல தயார் பண்ணின பேச்சுல இந்தக் கேள்வியே இல்ல. “தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு இருந்தேங்க,”ன்னேன். “பயந்துட்டேன்.”

அவரு கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. என்னை அந்த மாதிரி யாரும் அதுக்கு முன்னயும் பாத்ததில்ல, அப்புறமும் பாத்ததில்ல. பிறகு உள்ள திரும்பி, “மாப்ளை வந்திருக்காரு, எலை போடுங்க,”ன்னு கொரல் குடுத்தாரு. அந்தப் பொண்ணு அதுக்குள்ளயே கதவுகிட்ட வந்து நின்னுக்கினு இருந்துச்சு போல. வந்து கொழந்தையை ஏழுமலை கையில குடுத்துச்சு. அவனுக்கு எப்படிப் புடிக்கிறதுன்னு தெரியல. தலையை ஒரு பக்கம், காலை ஒரு பக்கம் புடிச்சுக்கினு முழிச்சான். அழுதான், சிரிச்சான், ரெண்டையும் சேத்தே பண்ணினான். எல்லாரும் உள்ள போனாங்க.

நான் மாட்டுப் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். உள்ளேர்ந்து சுடு சோத்து வாசனையும் கருவாட்டுக் கொழம்பு வாசனையும் வந்துச்சு. என்னை உள்ள வான்னு யாரும் சொல்லல, உக்காருன்னும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வெக்கத்துல சாப்பிட்டிருக்க மாட்டேன்னு உங்ககிட்ட சொல்லிக்க ஆசைதான். ஆனா காலையிலேர்ந்து நான் ஒண்ணும் தின்னல. கூப்பிட்டிருந்தா உக்காந்து தின்னிருப்பேன்.